மர்ஸூக்கின் மேற்கு

மர்ஸூக்கின் டிஷ் பிழையான பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பது, அதைப் பூட்டிய அன்றைக்கே எனக்குத் தெரியும். பத்தொன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை.

மர்ஸூக் என்னுடைய வேலைச் சோடி. மாம்புரியிலும் ஆலங்குடாவிலும் தோட்டக் கிணறு தோண்டுகிறவர்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு செட். இங்கே மண் முழுக்க மணல். கொங்கிரீட் வளையத்தை நிலத்தில் வைத்து ஒருவன் அதற்குள் இறங்கி மணலை அள்ள வேண்டும். அள்ள அள்ள வளையம் தன் பாரத்திலேயே கீழே போகும். பிறகு அதன் மேல் அடுத்த வளையம். மேலே நிற்கிறவன் வாளியை இழுத்துக் கொட்டுவான். ஒரு நாள் அவன் கீழே, மறுநாள் நான். மேலே நிற்கிறவன் கொஞ்சம் பராக்குப் பார்த்தால் கீழே இருக்கிறவன் மணலுக்குள் போய்விடுவான். அதனால் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருப்போம். கதை நின்றால் ஏதோ பிழை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் இப்படிக் கதைத்திருக்கிறோம்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எருக்கலம்பிட்டியை விட்டு ஒரே வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர்கள் நாங்கள். எனக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பத்து. முகாமில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் உப்பு அள்ளப் போனோம். முப்பது வயது தாண்டி, பள்ளிவாசல் மண்டபத்தில் பெரிய ஆட்களுக்கு எழுத்துப் படிப்பித்தபோது பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து படித்தோம். நான்தான் முந்தினேன். என் பெயரை எழுதி, மகளின் பெயரையும் எழுதிக் காட்டிய நேரம் அவன் ழகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், படித்த ஒருவன் வீட்டில் ரேடியோ நிலையம் வைத்திருந்தால் எனக்கு ஒன்றும் செய்திருக்காது. டொக்டர் கார் வாங்கினால் கூலிக்காரனுக்கு வயிறு எரியுமா? எனக்குப் பிறகு எழுத்துப் படித்தவன், என் வாளியை இழுக்கிறவன், ஆகாயத்தோடு கதைக்கப் போகிறான் என்றதும்தான் எரிந்தது.

எழுத்து வகுப்பு முடிந்த வருஷமே அவன் கத்தாருக்குப் போனான். ஐந்து வருஷம் அங்கே கட்டட வேலை. ஒரே அறையில் இருந்த மலையாளி ஒருவனுக்கு ரேடியோப் பைத்தியம். அவனிடம் இங்கிலீஷ் எழுத்தும் படித்து, கம்பி பற்றவைக்கவும் பழகிக்கொண்டு வந்தான். ஊருக்கு வந்த பிறகும் வேலை முடிந்து வந்து புத்தகத்தோடு இருந்தான். முதல் தரம் சோதனையில் விழுந்தான். இரண்டாம் தரம் பாஸ். அரசாங்கம் அவனுக்கு லைசன் கொடுத்தது, ரேடியோவில் சொல்வதற்கென்று எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பெயரும் கொடுத்தது. அந்தப் பெயரைக் கட்டை ஒன்றில் சிவப்பு மையால் எழுதி வாசலில் தொங்கவிட்டான். போகிற வருகிறவர்கள் நின்று வாசித்தார்கள். நானும் வாசித்தேன், விளங்கவில்லை.

அது வரைக்கும் வேலை முடிந்தால் இரண்டு பேரும் ஆலங்குடாச் சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். பிறகு அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே போகத் தொடங்கினான். "மச்சான், இண்டைக்கு ரேடியோக்கு ஒரு பாட்ஸ் வரும்" என்பான். நான் தனியே குந்தியிருந்து குடிப்பேன். வீட்டில் அவன் யார் யாரோடெல்லாம் கதைக்கப் போகிறானோ என்று நினைத்துக்கொண்டே குடிப்பேன்.

போன நவம்பர் வெள்ளத்தோடு அவனுடைய பைத்தியத்துக்கு ஊரில் மரியாதை வந்தது. வெள்ளத்தில் போன் டவர்கள் செத்து, யார் உயிரோடு இருக்கிறார் யார் இல்லை என்று தெரியாமல் சனம் தவித்தது. அதற்குப் பிறகு ஊரில் அவசரக் குழு ஒன்று அமைத்தார்கள். மர்ஸூக் கூட்டத்தில் எழும்பி, கத்தார்க்காரர் அனுப்பிய ஒரு சட்டலைட் மேற்கு வானத்தில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது, அதற்கு ஒரு டிஷ்ஷை ஒரு தரம் சரியாகத் திருப்பி வைத்தால் போதும், டவரும் வேண்டாம் கரண்டும் வேண்டாம், பற்றரியில் கொழும்புக்காரரோடும் கதைக்கலாம் வெளிநாட்டோடும் கதைக்கலாம் என்றான். நம்முடைய கிராம சேவகர் ஒரு பெண். ஜிஎஸ் மிஸ் என்றுதான் ஊரே சொல்லும். அவர் சொன்னார், "செய்து காட்டுங்க மர்ஸூக். வேலை செய்தா குழுவில செய்தி ஆள் நீங்கதான். சூரிய பனலும் பற்றரியும் உங்கட வீட்டுக்கே தாறம்." அடுத்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை பின்னேரம் வந்து பார்ப்பதாக நாளும் குறித்தார். வேலை செய்யாவிட்டால் அந்தப் பனல் மீன்பிடிச் சங்கத்துக்குப் போகும்.

டிஷ் பூட்ட இரும்புக் குழாயை நட்டு கொங்கிரீட் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அந்த வேலைக்கு வேறு யாரைக் கூப்பிடுவான்?

பூட்டிய அன்றைக்குப் பாதித் தெரு அவனுடைய வளவில் நின்றது. ஜிஎஸ் மிஸ்ஸும் வேறு வேலையாக வந்தவர் எட்டிப் பார்த்தார். டிவி டிஷ்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கும். இது சுவர் மாதிரி நேரே நின்றது. சட்டலைட் மேற்கில் தாழப் பதிவாக நிற்பதால் அப்படித்தான் நிற்குமாம். மேற்கிலிருந்து இடப் பக்கம், தெற்கே ஆறு பாகை திருப்ப வேண்டும் என்று கடதாசியில் எழுதி வைத்திருந்தான். ஆனால் மேற்கு எது? போனில் இருந்த கொம்பஸ்ஸை எடுத்தான். அது ஒரு தரம் வடக்கை அடுப்படிப் பக்கம் காட்டியது, மறுதரம் கக்கூஸ் பக்கம் காட்டியது. பக்கத்திலே இரும்புக் குழாய், மேலே தகரக் கூரை.

"இத நம்ப ஏலாது," என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டான் மர்ஸூக். "நம்மட பள்ளி பொய் சொல்லாது. மேற்கப் பாத்துத்தானே தொழுறம்."

அவனுடைய வளவுச் சுவர் பள்ளிவாசல் சுவரோடு ஒரே நேருக்குக் கட்டியது. அந்தச் சுவரை மேற்கு என்று வைத்து, அதிலிருந்து ஆறு பாகை அளந்து கயிறு பிடித்தான்.

எனக்கு அந்த நேரமே தெரிந்துவிட்டது.

ஓலைப் பள்ளியைப் பிரித்துக் கல்லால் கட்டத் தொடங்கிய வருஷம் மர்ஸூக் கத்தாரில் இருந்தான். அத்திவாரத்துக்குக் கோடு போட புத்தளத்திலிருந்து ஒரு மௌலவி வந்தார். நிலம் தோண்டுகிற நீட்டு இரும்புக் கம்பி, என்னுடைய அலவாங்கை வாங்கி வெளியில் நேரே நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் கீறினார். காலையில் அலவாங்கின் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு ஆணி. பின்னேரம் மறுபக்கம் தொட்ட இடத்தில் இன்னொரு ஆணி. இரண்டையும் கயிற்றால் சேர்த்து, "இது கிழக்கு மேற்கு" என்றார். "ஆனா நாம பாத்துத் தொழுற கிப்லா இது இல்ல. மக்கா நமக்கு நேர் மேற்கில இல்ல, கொஞ்சம் வடக்க இரிக்கி." பத்தடிக் கயிற்றின் நுனியை வடக்கே நாலடி நாலரை அங்குலம் தள்ளச் சொன்னார். நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மேசன் வந்து கேட்டால் சொல்ல வேண்டும் என்று என்னை மூன்று தரம் சொல்ல வைத்தார். பத்தடிக்கு நாலடி நாலரை அங்குலம். அது இன்றைக்கும் எனக்கு மறக்காது.

ஆக, பள்ளி மேற்கைப் பார்க்கவில்லை. மர்ஸூக்கின் டிஷ் கடலுக்கு மேலே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் சொல்லத்தான் போனேன். "டேய், கொஞ்சம் பொறு" என்று வாயும் திறந்தேன். அவன் அந்த நேரம் ஜிஎஸ் மிஸ்ஸோடு கதைத்துக்கொண்டு நின்றான். என் தோளில் கையைப் போட்டு என்னை முன்னுக்கு இழுத்தான்.

"இவண்ட மகள் நிஸ்ரின் எலுவன்குளத்தில கலியாணம் முடிச்சிருக்கிறாள் மிஸ். வெள்ளத்தில மூணு நாள் ஒரு தகவலும் இல்ல. கடைசியா மகள்ட குரலக் கேட்ட பிறகு இவன் சின்னப் புள்ள மாதிரி அழுதான். அத கேட்ட அண்டைக்குத்தான் நான் முடிவெடுத்தன், இந்த ஊருக்கு ஒரு ரேடியோ வேணும் எண்டு."

நான் அழுதது உண்மை. ஆனால் வீட்டில் அழவில்லை, மனிசிக்கு முன்னால் அழவில்லை. வேலைக்குப் போய், கிணற்றுக்குள் இறங்கி, வளையத்துக்குள் குந்தியிருந்து அழுதேன். மேலே நின்றவன் அவன் மட்டும்தான். அதை இப்போது பாதித் தெருவுக்குச் சொன்னான். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். என்னுடைய மூன்று நாள் அவனுக்குக் கதையாகிவிட்டது.

"ஏன்டா கூப்பிட்ட?" என்று கேட்டான் என்னிடம்.

"ஒண்டும் இல்ல. நட்ட இறுக்கவா?"

"இறுக்கு."

இறுக்கினேன். திரும்பவும் ஒரு தரம் இறுக்கினேன்.

அன்றைக்குப் பின்னேரமும் மறுநாளும் அவன் கணினிக்கு முன்னால் குந்தியிருந்தான். திரையில் நீல நிறம் மழைத் தண்ணீர் மாதிரி கீழே வழிந்துகொண்டிருந்தது. சட்டலைட் கிடைத்தால் அந்த நீலத்துக்குள் மஞ்சள் கோடு வரும், கோட்டைத் தொட்டால் குரல் வரும் என்று சொல்லியிருந்தான். மஞ்சள் வரவில்லை. மேலே சாய்த்தான், கீழே சாய்த்தான். விரல் அளவு இந்தப் பக்கம், விரல் அளவு அந்தப் பக்கம். டிஷ்ஷின் முன்னால் நிற்கும் மூக்கைக் கழற்றி வேறு மூக்குப் போட்டான். ஒரு கிழமை போனது.

சந்தியில் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"மர்ஸூக்குட சட்டலைட் லீவில போயிட்டாமே?"

"லீவு இல்லடா. கத்தார்க்காரன் இவன்ட விசாவ கட் பண்ணிட்டான்."

நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கிழமையில் தேத்தண்ணி எனக்கு நல்ல ருசியாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனிசி சபூராவிடம் அந்தப் பகிடியைச் சொன்னேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிரிக்கிறத்துக்கு அதில என்ன இருக்கு? உங்கட மர்ஸூக்தானே?"

"பகிடிக்குச் சொன்னன்."

"உங்கட மூஞ்சி பகிடி மாதிரித் தெரியல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் புடைக்கத் தொடங்கினாள்.

ஒன்பதாம் நாள் மாம்புரியில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் வேலை. மர்ஸூக் கீழே, நான் மேலே. நாலு வளையம் இறங்கிவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் பெரிதாக வந்தது.

"முத்தலிபு. எங்கடா பிழை?"

"எனக்கென்ன தெரியும்? லைசன்காரன் நீதானே."

"சும்மா சொல்லு. உன்ட கண்ணுக்கு ஒண்டும் படல்லையா? குழாய் நட்டது நீ."

வாளியை இழுத்தேன். கொட்டினேன். திரும்ப இறக்கினேன். அந்த நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம். நாலடி நாலரை அங்குலம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னால் தோளில் போட்ட அந்தக் கையும் வந்தது.

"அந்த மரம் மறைக்குதோ என்னவோ," என்றேன்.

"எந்த மரம்?"

"ஹஃபீலாட மரம்."

ஹஃபீலா மர்ஸூக்கின் மனிசி. முகாமை விட்டுக் காணி கிடைத்த வருஷம் அவள் கையால் வைத்த தென்னை அது. டிஷ் பார்த்த பக்கம் நேரே நின்றது. அவர்கள் வீட்டுக் கறிக்கு அந்த ஒரு மரத்துத் தேங்காய்தான். காற்றுக் காலத்திலும் இருபது இருபத்தைந்து காய்க்குக் குறையாது. நான் அந்தச் சொல்லைச் சும்மா எறிந்தேன். அவன் பிடித்துக்கொள்வான் என்று நினைக்கவில்லை. நினைத்தேனோ என்னவோ, இப்போது சொல்லத் தெரியவில்லை.

"ஓம்டா," என்றான் கீழே இருந்து. "அதாத்தான் இருக்கும்."

மறுநாள் காலை மரத்தை வெட்டியதும் நான்தான். கோடாலி என்னிடம்தானே இருக்கிறது. ஹஃபீலா அடுப்படி வாசலில் நின்றாள். முதல் வெட்டு விழுந்ததும் உள்ளே போய்விட்டாள். மரம் சரிந்த பிறகு வந்து, சிதறிக் கிடந்த குரும்பைகளை முந்தானையில் பொறுக்கினாள். குரும்பையை வைத்து என்ன செய்ய? சும்மா பொறுக்கினாள். மரம் வெட்டினால் குருத்தில் வெட்டினவனுக்கும் பங்கு கொடுப்பது வழக்கம். பெரிய துண்டை வாழை இலையில் சுற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். சபூரா அதைப் பாலில் ஆக்கினாள். நான் வயிறு சரியில்லை என்று எழும்பிவிட்டேன்.

நீலம் நீலமாகவே வழிந்தது.

அவன் மெலிந்து போனான். வேலையிலும் கதை குறைந்தது. மீன்பிடிச் சங்கத்தார் பனலை எங்கே பூட்டுவது என்று இடம் பார்த்துவிட்டார்கள் என்று சந்தியில் கதை வந்தது. நான் இனிச் சொல்லவும் முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். மரம் விழுந்த பிறகு எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே.

ஜிஎஸ் மிஸ் வருவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் சிலாபத்திலிருந்து டெனிஷா என்று ஒரு பிள்ளை. மீன்காரக் குடும்பம், தொழிற்கல்லூரியில் படிப்பிக்கிறாள், அவளும் லைசன் உள்ளவள். இரண்டு மாதமாக மர்ஸூக்கின் வாயில் அந்தப் பெயர்தான். டெனிஷா தங்கச்சி இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள். அவளுக்கு இவன் நானா, அதாவது அண்ணன்.

"மரம் போன பிறகும் ஒண்டும் இல்லையா நானா?"

"ஒண்டும் இல்ல தங்கச்சி."

"அப்ப திசைதான். மேற்க எத வச்சு எடுத்தீங்க?"

"பள்ளிய வச்சு."

"பள்ளியா... சரி நானா. நாளைக்கு நான் நல்ல கொம்பஸ் ஒண்டு கொண்டு வாறன். ஒரு நிமிஷ வேலை. பயப்பட வேணாம்."

ஒரு நிமிஷ வேலை. அந்தச் சொல் எனக்குள் போய்க் குத்தியது. இந்த ரேடியோ விஷயத்தில் என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். பதினெட்டு நாள் வாய்க்குள் வைத்துக் காத்தேன். அதை நேற்று வந்த ஒரு பிள்ளை ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். எனக்குத் தெரிந்திருந்தது என்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். மர்ஸூக்கின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் அவளுக்கு.

சனிக்கிழமை விடிந்ததும் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் வளவுக்குப் போனேன்.

"என்னடா, வேலையா இண்டைக்கு?"

"பள்ளி மேற்கப் பாக்கல்ல மர்ஸூக்."

அவன் பல் தீட்டத் தண்ணீர் எடுத்திருந்த கோப்பையைக் கீழே வைத்தான். "என்ன கதைக்கிற? பள்ளி பிழையா?"

"பள்ளி சரி. உன்ட மேற்குத்தான் பிழை."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பின்னேரம் பாப்பம். முதல்ல கயிறு கொண்டு வா."

அவனுக்குக் கேட்க நேரமில்லை. கயிறு கொண்டு வந்தான். கூரையின் நிழல் விழாத இடத்தில் அலவாங்கை நேரே நட்டேன். வட்டம் கீறினேன். ஒன்பது மணி போல நிழல் நுனி வட்டத்தைத் தொட்டது. ஆணி அடித்தேன். இனிப் பின்னேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

டெனிஷா இரண்டு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதுகில் பெரிய பை, காலில் சப்பாத்து, இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். பையிலிருந்து கொம்பஸ்ஸை எடுத்தாள்.

"நானா, இப்பவே பாத்திடலாமே."

"பொறுங்க மகள்," என்றேன்.

"எதுக்கு?"

"நிழல் வரட்டும்."

அவள் அலவாங்கையும் வட்டத்தையும் ஆணியையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொம்பஸ்ஸைத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டு, வெட்டின தென்னங்குற்றியின் மேல் போய் இருந்தாள். நான் அவளை அப்படி எதிர்பார்க்கவில்லை. சண்டை பிடிப்பாள் என்று நினைத்து வந்திருந்தேன்.

"இவன் இப்பிடித்தான் தங்கச்சி," என்றான் மர்ஸூக். "வளையம் இறக்கிற நேரமும் தண்ணி மட்டம் பாக்காம விட மாட்டான். நாலு மணிக்கு மிஸ் வந்திடுவா, இவன் நிழலுக்குக் காவல் இருக்கிறான்."

பதினைந்து நாளைக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றேகாலுக்குப் பிறகு நிழல் மறுபக்கம் வட்டத்தைத் தொட்டது. இரண்டாம் ஆணி. இரண்டையும் சேர்த்துக் கயிறு இழுத்தேன். அது மேற்கு. அந்த மேற்கிலிருந்து தெற்கே, பத்தடிக்கு ஓரடி அரை அங்குலம் தள்ளினேன். ஆறு பாகைக்கு அவ்வளவுதான் வரும் என்று காலையில் மர்ஸூக்கே கணக்குப் பார்த்திருந்தான். டெனிஷா தூரத்தில் இரும்பில்லாத இடத்தில் நின்று கொம்பஸ்ஸைப் பிடித்துப் பார்த்தாள். எழுதினாள். திரும்பவும் பார்த்தாள்.

"சரியா வருது நானா. என்ட கொம்பஸ் தேவைப்படல்ல."

அந்தக் கோட்டில் மரம் ஒன்றும் இல்லை. தோட்டம், வேலி, அதற்கப்பால் கடல்.

நான் இறுக்கிய நட்டை நானே தளர்த்தினேன். மர்ஸூக் உள்ளே கணினிக்கு முன்னால் இருந்து ஜன்னலால் சத்தம் போட்டான். நான் டிஷ்ஷைக் கயிற்றின் நேருக்குக் கொண்டு வந்தேன்.

"இல்ல. இன்னும் கொஞ்சம். இல்ல... நில்லு. நில்லு. பின்னால வா. நில்லுடா."

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நீலத்துக்குள் மஞ்சள் கோடுகள், ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. ஒன்றைத் தொட்டான். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல், அதற்குள்ளே ஒரு மனிதன் இருமினான். இருமிவிட்டுக் கதைத்தான். எந்த நாட்டுப் பாஷையோ. மர்ஸூக் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஜிஎஸ் மிஸ் வந்து இறங்கியபோது வளவு நிறையச் சனம். மர்ஸூக் மைக்கை அமுக்கித் தன் ரேடியோப் பெயரைச் சொன்னான். மூன்றாம் தரம் பதில் வந்தது. கோழிக்கோட்டில் ஒரு மலையாளி. கத்தாரில் பழகிய மலையாளத்தில் மர்ஸூக் அவனோடு கதைத்தான். சந்தியில் பகிடி பண்ணினவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். மிஸ் சிரித்துக்கொண்டு, "பனல் இஞ்சதான்" என்றார்.

டெனிஷா எழும்பி நின்றாள். "மிஸ், இதச் சரி செய்தது நானில்ல. இந்த நானாதான். ஒரு அலவாங்கையும் கயிறையும் வச்சு மேற்க எடுத்திட்டார். என்ட கொலேஜ் பிள்ளைகளுக்கு இதப் படிப்பிக்கப் போறன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது அதுதான். நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்கவில்லை, நிமிர்ந்தது.

"அப்ப பள்ளி நேர் மேற்கில்லையா?" என்று கேட்டார் மிஸ். "அது எப்பிடி உங்களுக்குத் தெரிஞ்சது முத்தலிபு?"

"பள்ளிக்குக் கோடு போட்ட நேரம் கயிறு புடிச்சது நான் மிஸ்," என்றேன். "மேற்கில இருந்து வடக்க பத்தடிக்கு நாலடி நாலரை அங்குலம். அண்டையில இருந்து மறக்கல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கு விளங்கியது.

மர்ஸூக்கின் கை ரேடியோவின் குமிழில் இருந்தது. அது நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலால் வெளியே, தென்னங்குற்றியைப் பார்த்தான். அடுப்படி வாசலில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற ஹஃபீலாவைப் பார்த்தான். பிறகு குமிழை மெதுவாகத் திருப்பினான். மலையாளியின் குரல் சின்னதாகி, இரைச்சலுக்குள் போனது. சனத்துக்கு முன்னால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் தேத்தண்ணி குடிக்காமல் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவன் வேலைக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். வந்திருந்தான். எனக்கு முதலே வந்து கயிற்றைச் சரி பார்த்துக்கொண்டு நின்றான். சலாம் சொன்னேன், பதில் சொன்னான். அன்றைக்குக் கீழே இறங்கும் முறை என்னுடையது.

இறங்கினேன். ஏழு வளையம். மேலே ஒரு வட்டம் வானம். மணலை அள்ளி வாளியை நிரப்பிக் கயிற்றை இரண்டு தரம் ஆட்டினேன். வாளி போனது. கொட்டுகிற சத்தம் கேட்டது. வாளி திரும்பி வரவில்லை. காலுக்கடியில் தண்ணீர் ஊறி மணல் இளகிக்கொண்டிருந்தது.

"மர்ஸூக்," என்றேன்.

ஒன்றும் இல்லை.

"டேய், மர்ஸூக்."

வட்டத்தின் ஓரத்தில் அவன் தலை வந்தது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"ஹஃபீலா கேட்டாள், இனித் தேங்காய்க்கு எங்க போற எண்டு."

"என்ட வளவில பறிக்கச் சொல்லு."

"எத்தினை நாளைக்கு?"

"என்ட மரம் நிக்கும் மட்டும்."

அவன் தலை போனது. கொஞ்ச நேரத்தில் வாளி மெதுவாக இறங்கி வந்தது. சுவரில் முட்டாமல், எப்போதும் போலப் பார்த்துத்தான் இறக்கினான். நான் குனிந்து அள்ளத் தொடங்கினேன். அரை வாளி நிரம்பியிருக்கும். மேலேயிருந்து திரும்பவும் அவன் குரல் வந்தது. இந்தத் தரம் தலையைக் காட்டவில்லை.

"நேத்து மஃரிபுத் தொழுகைக்குப் பிறகும் அந்த மலையாளியோட கதைச்சன். அலவாங்குக் கதையச் சொன்னன். அவனுக்கு அது சரியான புதினமா இருந்திச்சு. அந்த ஆள்ட பேர் என்ன எண்டு கேட்டான்."

நான் அள்ளுவதை நிறுத்தினேன். என் பெயர் கடலுக்கு மேலால் போய், அந்த அசையாத சட்டலைட்டில் பட்டு, தெரியாத ஊரில் தெரியாத மனிதனின் வாயில் வந்திருக்கும். அவன் அதைப் பிழையாக உச்சரித்திருப்பான். பரவாயில்லை.

"சொன்னியா?" என்றேன்.

"இல்ல," என்றான் மர்ஸூக். "வாளிய நிரப்பு."

நிரப்பினேன்.